மலைமேல் ஓர் ஒயின் ஊர், இரண்டு இரவு: சந்தேகங்களும் விளக்கங்களும்

ரோம், பிளாரன்ஸ், வெனிஸ், போகிற வழியில் பைசா கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிப்பது போல ஒரு படம். நம்மவர்களின் இத்தாலிப் பயணம் பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும். இரண்டாம் முறை போகிறவர்களும், முதல் முறையே கூட்டத்துக்கு அஞ்சுகிறவர்களும் கேட்பது வேறு: திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வர முடியுமா? முடியும். ஆனால் பெருநகரங்களுக்குப் போடுகிற திட்டத்தை அப்படியே இங்கே போட்டால் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தே பாதி நாள் போய்விடும். பொதுவாகப் பேசினால் எவருக்கும் பயனில்லை. எனவே தஸ்கனி மாநிலத்தின் தெற்குப் பகுதியில், சியேனா மாவட்டத்தில் இருக்கும் மோன்டெபுல்ச்சானோ என்ற ஒரே ஊரை எடுத்துக்கொண்டு, அடிக்கடி எழும் சந்தேகங்களுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

தஸ்கனியில் ஒயின் ஊர்கள் எத்தனையோ இருக்க, ஏன் இந்த ஊர்?

கார் இல்லாதவர்களும் போய்ச் சேரக்கூடிய ஊர் என்பது முதல் காரணம். ஒயினைத் தவிரப் பார்க்கவும் நிறைய இருக்கிறது என்பது இரண்டாவது. சுமார் 600 மீட்டர் உயரத்தில், ஒரு மலை முதுகின் மேல் நீளவாக்கில் கட்டப்பட்ட கோட்டை ஊர் இது. நகராட்சிப் பகுதி முழுவதையும் சேர்த்தாலும் பதினாலாயிரம் பேர் இல்லை. கீழே போர்த்தா அல் பிராத்தோ என்ற கோட்டை வாசலில் நுழைந்தால், 'கோர்சோ' எனப்படும் கடைத்தெரு வளைந்து வளைந்து ஏறி உச்சியில் பியாட்சா கிராந்தே என்ற சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். வழியில் புச்செல்லி மாளிகையின் அடிச்சுவரைக் கவனியுங்கள். ரோமானியருக்கும் முந்திய எத்ருஸ்கர்களின் கல்வெட்டுத் துண்டுகளையும் அஸ்திக் கலசச் சிற்பங்களையும் செங்கல் போலச் சுவரில் பதித்திருக்கிறார்கள். சதுக்கத்தில் உள்ள நகராட்சி மாளிகை, பிளாரன்ஸின் பலாட்சோ வெக்கியோவை நினைவூட்டும். அதன் முகப்பு மிக்கெலோட்சோ என்ற கட்டடக் கலைஞரின் வடிவமைப்பு. அதே சதுக்கத்தில் உள்ள தேவாலயத்தின் முகப்பு கடைசிவரை முடிக்கப்படாமல் மொட்டையாகவே நின்றுவிட்டது. வெளித்தோற்றத்தைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே தத்தேயோ தி பார்தோலோ 1401-இல் தீட்டிய பிரம்மாண்டமான மூன்று பலகை ஓவியம் இருக்கிறது.

'ட்வைலைட்' படவரிசையின் இரண்டாம் படத்தைப் பார்த்த இளையவர்களுக்கு அந்தச் சதுக்கம் ஏற்கெனவே பழகியிருக்கும். கதை நடப்பது வொல்தேரா என்ற ஊரில். படம் எடுத்தது இங்கே.

காலையில் போய் மாலையில் பிளாரன்ஸ் திரும்பிவிடலாமா?

திரும்பலாம், ஆனால் அப்படிப் போவதற்குப் போகாமலே இருக்கலாம் என்பது எங்கள் கருத்து. ரயில், பேருந்து, காத்திருப்பு எல்லாம் சேர்த்தால் போகவர ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும். ஊரில் கிடைப்பது நண்பகல் வேளை. சிறிய ஊர்களில் அந்த நேரத்தில்தான் கடைகளும் தேவாலயங்களும் இரண்டு மூன்று மணி நேரம் அடைத்துக்கிடக்கும். சுற்றுலாப் பேருந்துகள் கொண்டுவந்து இறக்கும் கூட்டமும் அதே நேரத்தில்தான் வரும். அந்தக் கூட்டம் மாலை ஐந்து மணிக்கு மேல் கிளம்பிவிடும். பிறகுதான் உள்ளூர்க்காரர்கள் வெளியே வந்து கோர்சோவில் உலாவத் தொடங்குகிறார்கள்.

இரண்டு இரவு என்பது சரியான கணக்கு. முதல் நாள் பிற்பகல் வந்து சேர்ந்து, இரண்டாம் நாள் முழுவதும் இருந்து, மூன்றாம் நாள் காலை புறப்படலாம். மூன்றாவது இரவு கிடைத்தால் பதினைந்து கிலோமீட்டருக்குள் இருக்கும் பியென்சாவுக்கு ஒதுக்கலாம். இரண்டாம் பயஸ் என்ற போப், தாம் பிறந்த சிற்றூரை 1459 முதல் பெர்னார்தோ ரொஸெல்லினோ என்ற கட்டடக் கலைஞரைக் கொண்டு புதிதாகக் கட்டவைத்துத் தம் பெயரையே சூட்டிய ஊர் அது. 1996 முதல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

எந்த மாதம் நல்லது?

ஏப்ரல் பிற்பகுதி முதல் ஜூன் நடுப்பகுதி வரை வயல்கள் பச்சையாக இருக்கும், வெயில் தாங்கும். செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம் வரை திராட்சை அறுவடை. அறுவடையைப் பார்க்கத்தான் பலருக்கும் ஆசை. ஆனால் தோட்டக்காரர்களுக்கு மூச்சுவிட நேரமில்லாத காலமும் அதுதான். சிறிய தோட்டங்கள் அப்போது பார்வையாளர்களை ஏற்பதைக் குறைத்துக்கொள்ளும், அறை வாடகையும் ஏறும். நவம்பருக்குப் பிறகு உணவகங்களும் விடுதிகளும் முறை வைத்து மூடும்.

ஆகஸ்ட்டில் வெயிலும் கூட்டமும் அதிகம். அந்த மாதத்தில் போவதென்றால் கடைசி ஞாயிற்றுக்கிழமையை ஒட்டிப் போங்கள். 'பிராவியோ தெல்லெ போத்தி' என்ற பீப்பாய் ஓட்டப் பந்தயம் அன்றுதான். ஊரின் எட்டுப் பேட்டைகளும் போட்டியிடும். ஒவ்வொன்றுக்கும் இருவர், எண்பது கிலோ எடையுள்ள மரப்பீப்பாயை ஒரு கிலோமீட்டருக்கு மேல் மேட்டில் உருட்டி ஏற்றி பியாட்சா கிராந்தே வரை கொண்டுசேர்க்க வேண்டும். அந்த வாரத்துக்கு அறை வேண்டுமானால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும்.

ரயிலில் போகலாமா? வரைபடத்தில் ஊர்ப்பெயரிலேயே ஒரு நிலையம் இருக்கிறதே?

பலர் ஏமாறும் இடம் இதுதான். மோன்டெபுல்ச்சானோ என்ற பெயரில் ஒரு ரயில் நிலையம் உண்டு. ஆனால் அது ஊரிலிருந்து ஏறக்குறைய பத்து கிலோமீட்டர் தள்ளிப் பள்ளத்தாக்கில், கியூசிக்கும் சியேனாவுக்கும் இடையே ஓடும் கிளைப்பாதையில் இருக்கிறது. இறங்கினால் ஆட்டோ நிற்கும், டாக்ஸி நிற்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நீங்கள் இறங்க வேண்டியது கியூசி-கியான்சானோ தெர்மே நிலையத்தில். ரோமுக்கும் பிளாரன்ஸுக்கும் இடையிலான பழைய முதன்மைப் பாதையில், ஏறக்குறைய நடுவில் இருக்கிறது. சாதாரண வட்டார ரயிலில் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். வட்டார ரயில்களுக்குக் கட்டணம் நிலையானது. மாதக்கணக்கில் முன்பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு நிபந்தனை. காகிதச் சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் முத்திரை பதிக்க வேண்டும். கைப்பேசியில் வாங்கினால் பயண நாளில் 'செக்-இன்' அழுத்த வேண்டும். பணம் கட்டியாயிற்றே என்று சும்மா உட்கார்ந்திருந்தால் பரிசோதகர் அபராதம் போடுவார். நமக்குத் தெரியாது என்ற பதில் அங்கே எடுபடாது.

கியூசியிலிருந்து மலைமேல் ஊருக்கு இருபது கிலோமீட்டருக்குச் சற்று மேல். தஸ்கனி முழுவதும் பேருந்து ஓட்டும் 'அவுதொலினேயே தொஸ்கானே' நிறுவனத்தின் பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். கால அட்டவணையில் இரண்டு சொற்களைக் கவனியுங்கள். 'ஃபெரியாலே' என்றிருந்தால் சனிக்கிழமை உட்பட வேலைநாள். 'ஃபெஸ்தீவோ' என்றிருந்தால் ஞாயிறும் அரசு விடுமுறையும். ஏப்ரல் 25, மே 1, ஜூன் 2, ஆகஸ்ட் 15 ஆகியவை விடுமுறைகள். ஞாயிறும் விடுமுறையும் இந்தத் தடத்தில் வண்டிகள் மிகக் குறைவு. வந்துசேரும் நாளையும் புறப்படும் நாளையும் வேலைநாளாக வைத்துக்கொண்டு மற்ற ஊர்களை அதற்கேற்ப நகர்த்துங்கள். இந்தப் பயணத் திட்டத்தில் முதலில் முடிவுசெய்ய வேண்டியது இதுதான். விடுதியெல்லாம் அப்புறம்.

வேலைநிறுத்தம் வந்தால் என்ன செய்வது என்றும் சிலர் கேட்கிறார்கள். இத்தாலியில் ரயில் வேலைநிறுத்தம் முன்கூட்டியே அறிவிக்கப்படும். வேலைநாட்களில் காலை 6 முதல் 9 வரையும், மாலை 6 முதல் 9 வரையும் குறிப்பிட்ட வட்டார ரயில்கள் கட்டாயம் ஓட வேண்டும் என்ற ஏற்பாடு உண்டு. அந்த நேரத்துக்குள் ஏறிவிடுங்கள்.

கார் வாடகைக்கு எடுத்தால் வசதி அல்லவா?

ஊரை மட்டும் பார்க்க கார் தேவையில்லை, தொல்லைதான். சுற்றியுள்ள தோட்டங்களையும் மோன்தால்ச்சினோ, பான்யோ விஞ்ஞோனி போன்ற ஊர்களையும் பார்க்க ஆசையிருந்தால் கார் வேண்டும்.

இந்திய ஓட்டுநர் உரிமத்துடன் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்க வேண்டும். நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கிடைக்கும், ஓராண்டு செல்லும். வாடகை நிறுவனம் கேட்காமலே கார் கொடுத்துவிட்டாலும், சாலையில் போலீஸ்காரர் கேட்பார்.

பழைய ஊர்களின் உட்பகுதி 'சோனா ஆ திராஃபிக்கோ லிமிதாத்தோ' என்ற கட்டுப்பாட்டுப் பகுதி. சிவப்பு விளிம்புள்ள வெள்ளை வட்டப் பலகை தெரிந்தால் அதற்குள் நுழையாதீர்கள். பல ஊர்களில் கேமரா எண் பலகையைப் படம் எடுத்துவிடும். அந்த நேரத்தில் எதுவும் நடக்காது. நீங்கள் ஊர் திரும்பிப் பல மாதம் கழித்து, வாடகை நிறுவனத்தின் சேவைக் கட்டணமும் அபராதமும் வரிசையாக வரும். கோட்டைக்குள் விடுதி எடுத்தவர்கள் முன்கூட்டியே கார் எண்ணைச் சொன்னால், பெட்டிகளை இறக்கிவைக்க மட்டும் அனுமதி பெற்றுத் தருவார்கள். நிறுத்துமிடத்தில் வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு கட்டணம், மஞ்சள் கோடு நமக்கல்ல.

இன்னொன்றும் உண்டு. ஓட்டுபவர் ஒயின் சுவைக்கக் கூடாது. சட்டப்படி இரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால் வரை விலக்கு உண்டு. உரிமம் பெற்று மூன்றாண்டு ஆகாதவர்களுக்கு அதுவும் இல்லை. மூன்று தோட்டத்தில் ஒவ்வொரு வாய் என்று தொடங்கினால் அந்த அளவு எப்போது தாண்டியது என்பது தெரியாது. ஒரு நாளைக்கு ஓட்டுநரோடு வண்டி பேசிக்கொள்ளுங்கள். செலவு கூடும்தான். நாலு பேர் பகிர்ந்துகொண்டால் அது அபராதத்தைவிடக் குறைவு.

எங்கள் வீட்டில் யாரும் மது தொடுவதில்லை. அந்த ஊரில் எங்களுக்கு என்ன வேலை?

நிறைய வேலை இருக்கிறது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தயங்கிக்கொண்டே பலர் அந்தப் பக்கம் போகாமல் விட்டுவிடுகிறார்கள். இந்த ஊரின் சிறப்பு தெருவுக்கு அடியில் இருக்கிறது. மாளிகைகளின் கீழே மலையைக் குடைந்து, ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கும் நிலவறைகள். கோடையிலும் குளிர்ச்சி மாறாத அந்த இடத்தில், ஆளை விழுங்கும் அளவு பெரிய ஓக் மரப் பீப்பாய்கள் வரிசையாக நிற்கும். தெ ரிச்சி, கொந்தூச்சி போன்ற பழைய நிலவறைகள் நகருக்குள்ளேயே இருக்கின்றன. கொந்தூச்சியின் மாளிகை பியாட்சா கிராந்தேயிலேயே இருக்கிறது. பார்த்துவிட்டுக் குடிக்காமல் வரலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குழந்தைகளையும் அழைத்துப் போகலாம்.

நகரத்துக்கு வெளியே சரிவில் தனித்து நிற்கிறது சான் பியாஜோ ஆலயம். மூத்த அந்தோனியோ தா சங்கால்லோ வடிவமைத்தது. 1518-இல் வேலை தொடங்கியது. நாலு பக்கமும் ஒரே அளவில் நீளும் சிலுவை வடிவத் தரை, மேலே குவிமாடம், தேன் நிறக் கல். மேலே உள்ள ஓவியங்களையெல்லாம் விட்டுவிட்டு இந்த ஒரு கட்டடத்துக்காக மட்டுமே வந்தாலும் தகும் என்று சொல்லத் தயங்கமாட்டோம். சைப்ரஸ் மரங்கள் நிற்கும் சாலை வழியாக இறங்கிப் போவது சுலபம். ஏறி வரும்போதுதான் கால் சொல்லும்.

கால் வலித்தால் கோர்சோவில் கஃபே பொலிசியானோ இருக்கிறது, 1868-இல் தொடங்கியது. ஊரில் பிறந்த பதினைந்தாம் நூற்றாண்டுக் கவிஞர் பொலிசியானோவின் பெயர். நின்றுகொண்டே குடித்தால் காபி விலை குறைவு, மேசையில் உட்கார்ந்தால் கூடும். இத்தாலி முழுவதும் இதே வழக்கம்.

சுவைத்துப் பார்க்க விரும்புகிறவர்கள் என்ன முறையைப் பின்பற்ற வேண்டும்?

நகருக்குள் உள்ள நிலவறைகளில் பலவற்றில் நேரே போய்க் கேட்கலாம். வெளியே உள்ள தோட்டங்களுக்கு முன்பதிவு கட்டாயம். இரண்டு மூன்று நாள் முன்பாவது எழுதுங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள், வர முடியாவிட்டால் தகவல் சொல்லுங்கள். குடும்பத்தார் வேலையைப் போட்டுவிட்டுக் காத்திருப்பார்கள். நாளைக்கு இரண்டு தோட்டம் போதும். ஊற்றியதையெல்லாம் விழுங்க வேண்டியதில்லை. துப்புவதற்கென்று பாத்திரம் வைத்திருப்பார்கள்; தொழில்முறைச் சுவைஞர்கள் அத்தனை பேரும் துப்புகிறவர்களே. அன்று வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவருக்கு ஒயின் மணமே தெரியாமல் போய்விடும்.

ஒரே இடத்தில் பல தோட்டங்களின் ஒயினையும் பார்க்க வேண்டுமென்றால் ஊர் உச்சியில் உள்ள பழைய கோட்டைக்குப் போகலாம். தயாரிப்பாளர்களின் கூட்டமைப்பு அங்கே ஒரு சுவைக்கூடம் நடத்துகிறது.

பாட்டிலில் 'மோன்டெபுல்ச்சானோ' என்று இருந்தால் இந்த ஊருடையதுதானா?

இல்லை. 'மோன்டெபுல்ச்சானோ தாப்ரூட்சோ' என்பது அப்ரூட்சோ மாநிலத்தில், மோன்டெபுல்ச்சானோ என்றே பெயருள்ள வேறொரு திராட்சையில் செய்வது. இந்த ஊருக்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே செய்வது 'வீனோ நோபிலே தி மோன்டெபுல்ச்சானோ'. சாஞ்சொவேசே என்ற திராட்சை குறைந்தது எழுபது விழுக்காடு இருக்க வேண்டும். உள்ளூரில் அதைப் புரூஞ்ஞோலோ ஜென்தீலே என்பார்கள். இரண்டாண்டு முதிர்ந்த பிறகே விற்கலாம். இத்தாலியின் உச்சத் தரச்சான்று 1980-லேயே கிடைத்துவிட்டது. குழப்பத்தைத் தவிர்க்க இப்போது லேபிளில் 'தொஸ்கானா' என்ற மாநிலப் பெயரையும் போட வேண்டும் என்று விதி. 'ரொஸ்ஸோ தி மோன்டெபுல்ச்சானோ' என்றிருந்தால் அதே ஊரின் இளைய, விலை குறைந்த ஒயின். முதன்முறை சுவைப்பவருக்கு அதுவே போதும்.

சுத்த சைவர்களுக்குச் சாப்பாடு கிடைக்குமா?

கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். பகுதியின் அடையாள உணவு பீச்சி. கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்துக் கையால் உருட்டிய தடித்த நூல் போன்ற பாஸ்தா. வழக்கமாக முட்டை சேர்ப்பதில்லை என்றாலும் கேட்டுக்கொள்வது நல்லது. அதை 'ஆல்ல்யோனே' சேர்த்துக் கேளுங்கள். வால்திகியானா பள்ளத்தாக்கில் விளையும் பெரிய, காரம் குறைந்த பூண்டும் தக்காளியும் சேர்ந்த குழம்பு அது. 'ரகூ' என்றால் இறைச்சி. பழைய ரொட்டியும் தக்காளியும் சேர்த்துக் கிண்டிய பாப்பா அல் பொமொதோரோ, கறுப்பு முட்டைக்கோசும் பயறும் போட்ட ரிபொல்லீத்தா இரண்டும் சைவமாக இருக்கலாம். ஆனால் சில சமையலறைகளில் இறைச்சி வேகவைத்த நீரை ஊற்றுவார்கள். 'சென்ட்ஸா கார்னே' என்றால் இறைச்சி வேண்டாம். அதோடு நிறுத்தாமல், பன்றித் தொடை, மீன், இறைச்சிச் சாறு எதுவும் வேண்டாம் என்று தனித்தனியாகச் சொல்லுங்கள்.

பாலாடைக்கட்டியில்தான் பலரும் கவனிக்காத சிக்கல். பார்மிஜானோவும் பெரும்பாலான பெக்கொரீனோவும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த பொருளால் உறையவைக்கப்படுகின்றன. அது கூடாது என்பவர்கள் 'கால்யோ வெஜெதாலே' எனத் தாவர உறையில் செய்ததைக் கேட்டு வாங்கலாம். பியென்சாவின் கடைகளில் விசாரித்துப் பாருங்கள்.

தஸ்கனி ரொட்டியில் உப்பே இருக்காது. மறந்துவிட்டார்கள் என்று பரிமாறுபவரிடம் சொல்ல வேண்டாம், அங்கே அப்படித்தான். மதியச் சாப்பாடு பன்னிரண்டரை முதல் இரண்டரைக்குள், இரவு ஏழரைக்கு மேல். நாலு மணிக்குப் பசித்தால் காபிக் கடைதான். பில்லில் 'கொபேர்த்தோ' என்று தலைக்கு ஒன்றிரண்டு யூரோ சேர்ந்திருப்பது மேசைக் கட்டணம், ஏமாற்று அல்ல. டிப்ஸ் கட்டாயமில்லை.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா? எங்கே தங்குவது?

ஊர் முழுவதும் மேடு. கோர்சோ ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏறிக்கொண்டே போகும். தரை கல் பாவியது. முட்டி வலி உள்ளவர்களுக்கு பியாட்சா கிராந்தேயை ஒட்டி அறை எடுங்கள். கீழிருந்து உச்சிக்குச் சிறிய பேருந்து ஓடுகிறது. அதில் ஏறி, இறங்கும்போது மட்டும் நடக்கலாம். பழைய கட்டடங்களில் லிஃப்ட் இருக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். பதிவு செய்யுமுன் எழுதிக் கேளுங்கள். தோட்டத்து வீடுகளான 'அக்ரித்துரீஸ்மோ' அழகானவை, ஆனால் கார் இல்லாதவர் அங்கே போய் மாட்டிக்கொள்வார். எங்கே தங்கினாலும் கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். அறை வாடகை தவிர தலைக்கு ஒரு சிறிய சுற்றுலா வரியும் உண்டு.

விசா?

ஷெங்கன் விசாதான். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடைக்குப் போகிறவர்கள் நேர்காணல் தேதிக்கே சில வாரம் காத்திருக்க நேரும். பல நாடுகள் போனால் அதிக நாள் தங்கும் நாட்டின் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2025 அக்டோபர் முதல் எல்லையில் கைரேகையும் முகப் படமும் பதிவாகும் புதிய முறை வந்திருக்கிறது. எனவே ரோமில் இறங்கிய உடனே ரயிலைப் பிடிப்பதாகத் திட்டம் போட வேண்டாம்.

பாட்டில் வாங்கி வரலாமா?

கைப்பையில் கூடாது, பெட்டியில் துணி சுற்றி வைத்து அனுப்பலாம். இந்தியச் சுங்க விதிப்படி ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை தீர்வை கிடையாது. ஒயின் பாட்டில் முக்கால் லிட்டர். இரண்டு பாட்டில் ஒன்றரை லிட்டர்தான். மூன்றாவது வைத்தால் வரம்பைத் தாண்டிவிடும், சுங்கத்தில் சொல்லித் தீர்வை கட்ட வேண்டும்.